போக்காடு: குடும்பம் ஓட்டிவிடும் ஆட்டுக்குச் சரியான பெயர்

ஸ்கேப்கோட் என்ற சொல்லுக்குத் தமிழில் எல்லாரும் எழுதுவது பலிகடா. மேலே இருப்பவர் தப்பிக்கக் கீழே இருக்கும் எழுத்தர் மாட்டிக்கொண்டால் பலிகடா, தேர்தலில் தோற்றதும் ஒரு மாவட்டச் செயலாளரை மட்டும் தூக்கினால் பலிகடா. செய்திகளுக்கு அது போதும், ஊன்றிவிட்ட வழக்கு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு குடும்பம் தன் பிள்ளைகளில் ஒருவரைப் பிடித்து, வீட்டுக் குறை அத்தனையையும் அவர் தலையில் ஏற்றி, கடைசியில் அவரை வீட்டை விட்டே ஒதுக்குகிறதே, குடும்ப உளவியலில் ஸ்கேப்கோட் என்று சொல்வது அந்த ஆளைத்தான். அவருக்குப் பலிகடா என்ற பெயர் பொருந்தவில்லை. பொருந்தும் சொல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது: போக்காடு.

முதலில் பலிகடா. 'பலி' என்றால் தெய்வத்துக்கு இடும் படையல். பிச்சை என்றும் பொருள் உண்டு, தேவாரத்தில் சிவன் பலி தேர்ந்து வருவது பிச்சை கேட்டுத்தான். கடா ஆண் ஆடு, எங்கள் மதுரைப் பக்கம் பேச்சில் கிடா. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்புக்கோ பாண்டி கோயிலுக்கோ வேண்டிக்கொண்டு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டால் அன்றிலிருந்து அதற்கு வீட்டில் தனி மதிப்பு. ஊனம் இல்லாததாகப் பார்த்துத்தான் நேர்ந்துவிடுவார்கள், அடுத்தவர் தோட்டத்தில் வாய் வைத்தாலும் சாமி கிடா என்று பொறுத்துக்கொள்வார்கள். நாள் வந்ததும் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் அரிவாள். பிள்ளை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, வழக்கு ஜெயித்ததற்குச் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. அந்தக் கிடாவின் தலையில் யாருடைய குற்றமும் இல்லை. யாரும் அதை வெறுக்கவும் இல்லை.

இப்போது ஸ்கேப்கோட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். விவிலியத்தில் லேவியராகமம் 16-ஆம் அதிகாரம். பாவநிவிர்த்தி நாளில் ஆசாரியனாகிய ஆரோன் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போட வேண்டும். ஒரு சீட்டு கர்த்தருக்கு, அந்த ஆடு பலியிடப்படும். இன்னொரு சீட்டு விழுந்த ஆட்டின் தலையில் ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, மக்கள் செய்த அக்கிரமங்களை எல்லாம் சொல்லி, அவற்றை அதன் தலையில் சுமத்தி, ஓர் ஆள் மூலம் உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிட வேண்டும். ஸ்கேப்கோட் என்பது இந்த இரண்டாவது ஆடு. நம்முடைய பலிகடா முதலாவது ஆடு. ஒரே அதிகாரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நாம் இதன் பெயரை அதற்கு வைத்துவிட்டோம். (பின்னாளில் அந்த ஆட்டை மலையுச்சியிலிருந்து தள்ளும் வழக்கம் வந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. லேவியராகமத்தில் அது உயிரோடுதான் போகிறது.)

எபிரேய மூலத்தில் அந்த ஆடு 'அசாசேலுக்கு' உரியது என்று இருக்கிறது. அசாசேல் ஒரு பேயின் பெயரா, ஓர் இடத்தின் பெயரா என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. 1530-ல் வில்லியம் டின்டேல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது அந்தச் சொல்லை 'போகிற ஆடு' என்று பிரித்துப் பொருள் கொண்டு ஸ்கேப்கோட் என்று ஒரு புதுச்சொல்லை உண்டாக்கினார். ஸ்கேப் என்பது எஸ்கேப்பின் தேய்ந்த வடிவம், ஆகவே தப்பித்துப் போன ஆடு. அவருக்கு முன்பே லத்தீன் விவிலியத்தில் 'அனுப்பப்பட்ட ஆடு' என்ற பொருளில்தான் இருந்தது, பிரெஞ்சில் இன்றும் அதே பொருள்தான். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் போக்காடு என்று இருக்கிறது. போக்கு, ஆடு. சாக்காடு, நோக்காடு, வேக்காடு வரிசையில் வைத்துப் படித்துவிடக் கூடாது, இதில் நிற்பது உண்மையான ஆடு.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதன் இலக்கணம். போ என்பது தன்வினை, போக்கு என்பது பிறவினை. ஆடாகப் போகவில்லை, போக்கினார்கள். ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது போலத் தோன்றும், செய்தவர் யார் என்பதே அதில் இல்லை. தமிழ்ச் சொல்லில் ஓட்டிவிட்ட கை தெரிகிறது. குடும்பங்களில் நடப்பதைப் பேசும்போது இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒதுக்கிய குடும்பம் எப்போதும் சொல்வது "அவனாத்தான் போனான்" என்றுதான்.

இதை எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமாகக் காட்டிய படம் 2021-ல் வந்த டிஸ்னியின் 'என்கான்டோ', 2022-ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. கதை கொலம்பியாவில் மத்ரிகல் என்ற குடும்பத்தில் நடக்கிறது. பாட்டி ஆல்மா ஊரை விட்டு ஓடிவந்தபோது கணவனைக் கண்முன்னே பறிகொடுத்தவள், கையில் மூன்று பச்சைக் குழந்தைகள். அந்த இரவில் ஓர் அற்புதம் நடந்து அந்த வீடும், வாரிசுகளுக்கு ஆளுக்கொரு வரமும் கிடைக்கின்றன. மூன்று பேரில் ஒருவன் ப்ரூனோ, அவனுக்கு வருங்காலம் தெரியும் வரம். அவன் சொன்னது நடக்கும், நடந்ததற்கெல்லாம் அவனே காரணம் என்று ஊரும் வீடும் நம்பும். ஒருத்தியின் மீன் செத்ததற்கு அவன், ஒருவருக்கு முடி கொட்டியதற்கு அவன், அக்கா பெப்பாவின் கல்யாணத்தில் மழை கொட்டியதற்கு அவன். இதற்கு நம்மிடம் விளக்கமே தேவையில்லாத சொல் உண்டு, கருநாக்கு. ப்ரூனோ அந்த வீட்டுக் கருநாக்குக்காரன். அவனைப் பற்றிப் பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம், அதையே ஒரு பாட்டாகப் பாடுகிறார்கள், அது அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கே போனது.

பெப்பாவிடம் அவன் சொன்னது உண்மையில் என்ன என்று கடைசியில் தெரியவருகிறது. கல்யாணப் பதற்றத்தில் இருந்தவளுக்குத் தம்பியின் அன்பாக, மழை வந்தால் வரட்டும் என்ற மாதிரி சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். பெப்பாவின் மனநிலைதான் வானிலையாக மாறும், அதாவது மழை அவளிடமிருந்தே வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அச்சு அசலாக அது.

குடும்ப உளவியல் இதை எப்படி விளக்குகிறது? 1960-ல் எஸ்ரா வோகல், நார்மன் பெல் இருவரும் மனநலம் குன்றிய குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பார்த்து எழுதினார்கள். பெற்றோருக்குள் தீராத ஒரு முரண் இருக்கிறது, அதை நேருக்கு நேர் பேச முடியவில்லை, பேசினால் வீடு உடைந்துவிடும் என்ற பயம். அந்த அழுத்தம் ஒரு பிள்ளையின் மேல் இறங்குகிறது, அந்தப் பிள்ளையே பிரச்சினை என்றாகிவிட்டால் மற்றவர்கள் ஒற்றுமையாக நிற்க முடிகிறது. காலப்போக்கில் அந்தப் பிள்ளையும் தனக்குக் கொடுத்த வேடத்தையே ஆடத் தொடங்கும், "பாத்தீங்களா, நாங்க சொன்னது சரிதான்" என்று வீடு உறுதி செய்துகொள்ளும். பின்னால் வந்த குடும்ப சிகிச்சையாளர்கள் இப்படிப்பட்டவரை 'நோயாளி என்று காட்டப்பட்டவர்' என்றே குறிப்பிட்டார்கள். நோய் குடும்பத்துடையது, சீட்டு இவர் பெயருக்கு.

ஆல்மாவின் விஷயத்தில் அந்தப் பேச முடியாத முரண் என்ன? பயம். ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்தவள், மறுபடி இழந்துவிடுவோமோ என்று தூங்காமல் இருப்பவள். வருங்காலத்தைச் சொல்லும் மகன் அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான், அதனால் அவனே ஆபத்தாகத் தெரிகிறான். போக்காடு ஆகிறவர் பல வீடுகளில் இப்படி உண்மையைச் சொன்னவராகவே இருக்கிறார். கெட்ட தாய் என்று ஆல்மாவை ஒதுக்கித் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை, ஆற்றங்கரையில் அவள் தன் தவறை ஒத்துக்கொள்ளும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஆடு போனதும் பாவம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. வீட்டில் விரிசல் விழுகிறது, உடனே இன்னொரு தலை வேண்டும். வரம் கிடைக்காத பேத்தி மிராபெல் அகப்படுகிறாள். ப்ரூனோ போனது உன்னால், அக்கா லூயிசாவின் பலம் குறைவது உன்னால், இன்னொரு அக்கா இசபெலா கட்டுக்கடங்காமல் போனது உன்னால் என்று பாட்டி சொல்லும் இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு போக்காட்டை ஓட்டிவிட்ட வீட்டில் அந்த இடம் காலியாகவே இருக்காது, அடுத்தவரைத் தேடிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் புதிதாக வந்த மருமகள் அகப்படுவாள், அவள் காலடி எடுத்து வைத்த நேரம் சரியில்லை என்ற ஒரு வாக்கியம் எத்தனை பெண்களைத் தின்றிருக்கிறது.

ப்ரூனோ ஏன் போனான் தெரியுமா? மிராபெலுக்காக. உடைந்த வீட்டின் முன்னால் அவள் நிற்பதை முன்கூட்டியே பார்த்துவிடுகிறான், இதை வீட்டில் சொன்னால் பழி சின்னப் பிள்ளை மேல் விழும் என்று அதை மறைத்துவிட்டு அன்றைக்கே காணாமல் போகிறான். நடந்து போன கால் அவனுடையது என்றாலும், உண்மையைச் சொல்ல இடம் கொடுக்காத வீடுதான் அவனை ஓட்டிவிட்டது. அவன் மிராபெலின் அம்மாவுக்கு உடன்பிறந்தவன், அதாவது தாய்மாமன். காதுகுத்து ஆனாலும் சடங்கு ஆனாலும் தாய்மாமன் சீர் வந்து இறங்கினால்தான் பந்தலுக்கே களை என்றிருக்கும் ஊர்க்காரனுக்கு இந்த இடம் வேறு மாதிரி படும்.

போனவன் எங்கே போனான்? எங்கேயும் போகவில்லை. அதே வீட்டுச் சுவருக்குள் பத்து வருடம். சாப்பாட்டு அறைக்குப் பின்பக்கம் சின்ன மேசை போட்டு, அதில் ஒரு தட்டை வரைந்துவைத்து, விரிசல் வழியாகக் குடும்பம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறான். ராத்திரியில் விரிசல்களைப் பூசி அடைக்கிறான். முர்ரே போவன் என்ற மனநல மருத்துவர் 'உணர்வுத் துண்டிப்பு' என்ற கருத்தை முன்வைத்தபோது சொன்னது இதைத்தான். ஆயிரம் மைல் தள்ளிப் போயும் துண்டித்துக்கொள்ளலாம், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே துண்டித்துக்கொள்ளலாம், இரண்டிலும் பழைய பிணக்கு தீராமல் அப்படியே கிடக்கும்.

இங்கே அடுத்த சொல் வருகிறது, எஸ்ட்ரேஞ்ச்மென்ட். லத்தீனில் 'வெளியாள்' என்ற வேரிலிருந்து வந்தது, சொந்த ஆளை வெளியாள் ஆக்குதல். இது அரிதான விஷயம் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் பில்லிமர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட 1,340 அமெரிக்கர்களில் 27 சதவீதம் பேர் ஏதோ ஓர் உறவினரோடு தொடர்பு அறுந்து இருப்பதாகச் சொன்னார்கள். தமிழில் இதற்கு 'அந்நியமாதல்' என்று எழுதுகிறார்கள், அது மார்க்சியப் பேச்சில் வேறு பொருளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. திருக்குறளில் 'ஏதின்மை' இருக்கிறது, உறவற்ற நிலை என்ற பொருளில் (816-ஆவது குறள்), அழகான சொல், ஆனால் இன்றைக்கு யார் வாயிலும் இல்லை.

பேச்சுவழக்கில் நமக்குப் பஞ்சமே இல்லை. "அவுகளுக்கும் எங்களுக்கும் போக்குவரத்து இல்ல", "பேச்சுவார்த்தை அத்துப்போச்சு" என்பது இரண்டு பக்கத்துக்கும் பொது. "தலைமுழுகிட்டேன்" என்பது கடுமை, செத்தவருக்கு முழுகுவது போல உயிரோடிருப்பவரைக் கணக்கு முடிப்பது. "அவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்பது இன்னொன்று. இது சாமிக்கு ஆட்டை நேர்ந்துவிடும்போது தண்ணீர் தெளிப்பதிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. சரியாக இருந்தால், ஆட்டை உயிரோடு ஓட்டிவிடும் அந்த நினைப்புக்கு மிகப் பக்கத்தில் நம் பேச்சு தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. இந்த விலக்கம் எங்கள் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற இடம் பத்திரிகையும் ஃப்ளெக்ஸும் மொய் நோட்டும். சித்தப்பா பெரியப்பா மாமா மச்சான் என்று வரிசையாகப் போட்ட பெயர்களில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டுக் கதையைப் படித்துவிடலாம்.

கட்டுரையில், ஆலோசனை அறையில் எழுதிப் பேச ஒரு பொதுச்சொல் வேண்டும் என்றால் நான் இரண்டாகப் பிரிப்பேன். குடும்பம் ஒருவரை வெளியே தள்ளினால் உறவு விலக்கல், ஒருவர் தானாக வெளியேறினால் உறவு விலகல். மேலே சொன்ன போ, போக்கு போலவே விலகு, விலக்கு. ஆல்மாவின் வீட்டார் பத்து வருடமும் விலகினான் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், விலக்கினோம் என்று சொல்லவே இல்லை.

இந்தப் பிரிவினை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அடி உதை தாங்காமல், குடிகார அப்பாவிடமிருந்தோ சொத்துக்காக மிரட்டும் அண்ணனிடமிருந்தோ தப்பித்துப் போனவர் போக்காடு அல்ல, அவர் விலகியவர், அந்த விலகலுக்கு அவருக்கு முழு உரிமை உண்டு, அவரைப் போய் "சொந்தம் விட்டுப்போகுமா" என்று திரும்ப இழுக்கக் கூடாது. அதேபோல கறுப்பு ஆடும் வேறு: ஆங்கிலத்தில் அது குடும்பத்துக்கு ஒவ்வாதவர், தமிழில் அது கூட இருந்தே காட்டிக்கொடுப்பவர் என்று ஆகிவிட்டது, இரண்டுமே இந்த இடத்துக்குச் சேராது.

எழுதும்போது: "மூத்த மகளை அந்தக் குடும்பம் போக்காடு ஆக்கியது", "போக்காடாக வளர்ந்தவர்", "ப்ரூனோவை ஓட்டிவிட்டபின் மிராபெல் போக்காடு ஆனாள்". வேற்றுமை உருபு சேரும்போது ஆட்டை, ஆட்டுக்கு என்பது போலப் போக்காட்டை, போக்காட்டுக்கு.