சாம்பிள்: மாதிரியை எங்கே வைப்பது?

ஆடைத் தயாரிப்பு பற்றிய மொழிபெயர்ப்பு எதைத் திறந்தாலும், ஒப்புதலுக்காகத் தைக்கும் 'கார்மென்ட் சாம்பிள்' என்பதற்கு 'துணி மாதிரி' வந்து நிற்கிறது. "துணி மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்த பின் வெட்டலாம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒப்புதல் ஆனது துணிக்கா, தைத்த சட்டைக்கா? படிப்பவர் துணி என்றுதான் நினைப்பார். மூலத்தில் இருப்பதோ பொத்தான் வைத்து, தேய்த்து மடித்த முழுச் சட்டை.

சாம்பிள் என்பது பழைய பிரெஞ்சு 'எஸ்ஸாம்பிள்' முதலெழுத்தை இழந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கு மூலம் லத்தீன் 'எக்ஸெம்ப்லும்'. வெளியே எடுப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது. எக்ஸாம்பிளுக்கும் வேர் அதுவே. நம் 'எடுத்துக்காட்டு' கருத்தில் இதோடு ஒத்துப்போகிறது.

இனி வழக்குக்கு வருவோம். தமிழில் ஒரு பொருளின் பெயருக்குப் பின்னால் 'மாதிரி' வந்தால் 'போல' என்றே படிக்கத் தோன்றும். 'சட்டை மாதிரி அனுப்பினார்கள்' என்றால் சட்டை போன்ற ஏதோ ஒன்றை அனுப்பினார்கள். 'துணி மாதிரி இருக்கிறது' என்றால் அது துணியே இல்லை. முன்னால் வைத்தால் இந்தக் குழப்பம் கிடையாது: மாதிரிப் பள்ளி, மாதிரி வினாத்தாள், மாதிரிச் சட்டை. மொழியே வழி காட்டியிருக்கும்போது சொல்லைப் புரட்டிப் போடுவானேன்? பொதுப்பெயராக 'மாதிரி ஆடை' போதும்.

துணிக்கெனத் தனியாகவே சாம்பிள்கள் உண்டு என்பது அடுத்த சிக்கல். எடை பார்க்க 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டி நிறுப்பார்கள், 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். நிறம் பார்க்கச் சாயமேற்றிய சிறு துண்டு லேப் டிப், அச்சு பார்க்க அச்சடித்த துண்டு ஸ்ட்ரைக் ஆஃப். இவற்றை 'மாதிரித் துண்டு' என்றால் கையில் இருப்பது துண்டுதான் என்று தெரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், நிறத்துக்குக் கொடுத்த ஒப்புதலைத் தையலுக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொண்டு வெட்டுமேசையில் துணி விரித்துவிடுவார்கள். வெட்டிய துணியை ஒட்ட முடியாது.

'ஆடைக் கூறு' என்று எழுதுவோரும் உண்டு. கூறு புள்ளியியலுக்குப் பொருந்தும். மொத்தத்திலிருந்து பிரித்து எடுப்பது அங்கே வேலை. ஆனால் 'ஆடைக் கூறு' என்றதும் கையும் காலரும்தான் நினைவுக்கு வரும். மேலும், பெரும்பாலான மாதிரி ஆடைகள் எதிலிருந்தும் எடுக்கப்படுவதில்லை; மொத்த உற்பத்தி தொடங்கும் முன்பே அவை தைக்கப்படுகின்றன. வடிவம் பார்க்க முதல் மாதிரி. உடலில் உட்காருகிறதா என்று பார்க்கப் பொருத்த மாதிரி. இதைப் பெரும்பாலும் ஒரு நடு அளவில் மட்டும், கிடைத்த மாற்றுத் துணியில் தைப்பார்கள். கிரேடிங், அதாவது ஓர் அளவிலிருந்து மற்ற அளவுகளுக்குக் கூட்டிக் குறைத்தது, சரியா என்று பார்க்க ஒவ்வோர் அளவிலும் தைப்பது அளவுத்தொகுதி மாதிரி. கடைசியில் உண்மையான துணி, நூல், பொத்தான், லேபிள் எல்லாம் சேர்த்துத் தைப்பதுதான் பி.பி. (ப்ரீ-புரொடக்‌ஷன்) சாம்பிள். இதற்கு 'முன்னுற்பத்தி மாதிரி' என்பது சரியான பெயர். இதை 'முன்மாதிரி' என்று சுருக்குவது தவறு. முன்மாதிரி முதல் மாதிரிக்கு உரியது, இதுவோ வரிசையின் மறுகோடி.

இந்த வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டியாக வேண்டும். மாற்றுத் துணியில் பொருத்தம் பார்த்த பனியன், உண்மைத் துணியில் இழுவை கூடுதலாக இருந்தால் மார்பில் தொளதொளக்கும். துணி நீளவாக்கில் 5 சதவீதம் சுருங்குமானால், 70 செ.மீ. உடல் நீளத்துக்கு வெட்டுப் படிவம் (பேட்டர்ன்) 73.7 செ.மீ. வேண்டும். மாற்றுத் துணி சுருங்காததாக இருந்தால் இந்தக் கணக்கு பொருத்த மாதிரியில் வெளிப்படவே படாது.

எடுத்தல் என்ற பழைய பொருள் நிற்கும் இடம் ஒன்று உண்டு. உற்பத்தி ஓடத் தொடங்கியதும் தையல் வரிசையிலிருந்து உருவி எடுக்கும் டி.ஓ.பி. (டாப் ஆஃப் புரொடக்‌ஷன்) சாம்பிள் அது. முந்தைய மாதிரிகளைப் பெரும்பாலும் தேர்ந்த தையல்காரர் ஒருவரே முழுக்கத் தைத்திருப்பார். வரிசையில் தோள் ஒருவர், கை ஒருவர், மடிப்பு ஒருவர். ஆகவே இது காட்டுவது வரிசையின் தரத்தை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தச் சொல்லே இதற்கு ஏற்றது: உற்பத்திப் பதம்.

தையல் கூடத்தில் எல்லோரும் சாம்பிள் என்கிறார்கள். பேச்சில் அப்படியே இருக்கட்டும். பிழையான தமிழ்ச் சொல்லைவிடப் புரிந்த சாம்பிள் மேல். என் மனக்குறை, அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர்கள் மீது. பேட்டர்னுக்கும் மாதிரி, சாம்பிளுக்கும் மாதிரி, மாடலுக்கும் மாதிரி. "மாதிரியைத் திருத்தி மாதிரி தைத்து மாதிரிக்கு அணிவிக்கவும்" என்ற வரியை வைத்துக்கொண்டு யார் என்ன தைப்பது? வெட்டுப் படிவத்தைத் திருத்தி, மாதிரி ஆடை தைத்து, மாடலுக்கு அணிவித்துப் பார்க்கவும் என்று எழுதினால் வேலை நடக்கும்.