பெட்டியை அறுக்கும் முன் டிரைவரை அளந்துவிடுங்கள்

வீட்டில் செய்த டிரான்ஸ்மிஷன் லைன் ஸ்பீக்கர்களைச் சரிசெய்யச் சொல்லி என் பட்டறைக்குக் கொண்டுவருபவர்களிடம் முதலில் ஒன்றைக் கேட்பேன். வரைபடம் எந்த வூஃபருக்காக (அடி ஒலி தரும் ஸ்பீக்கர்) போடப்பட்டது, உள்ளே மாட்டியிருப்பது எந்த வூஃபர்? பெரும்பாலும் இரண்டும் வேறு. இணையத்தில் கிடைத்த வரைபடம் சொன்ன டிரைவர், அதாவது பெட்டியில் மாட்டும் ஒலி தரும் பாகம், இங்கே கிடைத்திருக்காது, அல்லது விலை கட்டுப்படியாகியிருக்காது. அதே ஆறரை அங்குலத்தில் கடைக்காரர் காட்டியதை வாங்கி மாட்டியிருப்பார்கள். தச்சு வேலை அருமையாக இருக்கும். பலகைக்கும் வெனீருக்கும் மனமுவந்து செலவழித்திருப்பார்கள். பாட்டு வைத்தால் ஆண் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இத்தனை உழைப்பு வீணாவதைப் பார்க்க மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் தருகிற அதே அளவு ஒலியைப் பின்பக்கமும் தருகிறது, ஆனால் எதிர்த்திசையில். மூடிய பெட்டி அந்தப் பின்னொலியை உள்ளேயே அடைத்துவைக்கிறது. டிரான்ஸ்மிஷன் லைன் அதை ஒரு நீண்ட, மடித்த குழலுக்குள் அனுப்புகிறது. குழலில் உள்ள பஞ்சு நடு ஒலிகளையும் மேல் ஒலிகளையும் உறிஞ்சிவிடும். அடியாழத்து ஒலி மட்டும் மறுமுனையில் வெளிவந்து முன்னொலிக்குத் துணைசேரும். குழலின் நீளம் எந்த அலைவெண்ணின் அலைநீளத்தில் கால் பங்கோ, அந்த இடத்தில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். வேலையைக் குழல்வாய் ஏற்றுக்கொள்ளும். நல்ல லைனில் அடி ஒலி நிதானமாகவும் தெளிவாகவும் கேட்பதற்கு இது முக்கியக் காரணம்.

1930களில் அமெரிக்காவில் ஸ்ட்ரோம்பர்க்-கார்ல்சன் நிறுவனத்தில் பெஞ்சமின் ஓல்னி வளைவுக் குழல் கொண்ட பெட்டியை உருவாக்கினார். 1965இல் இங்கிலாந்தின் ஆர்தர் பெய்லி ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில், குழலை நீண்ட இழைக் கம்பளியால் நிரப்பும் முறையை எழுதினார். அப்போதெல்லாம் பெருமளவு கேட்டுக் கேட்டுத் திருத்துவதுதான் வழி. இன்று டேவிட் மெக்பீன் எழுதிய ஹார்ன்ரெஸ்ப் என்ற இலவச மென்பொருளில் டிரைவரின் எண்களைக் கொடுத்தால், ஒரு பலகையைக்கூட அறுக்காமல் விளைவைத் திரையில் பார்த்துவிடலாம். அந்த எண்கள் நம்மிடம் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அவற்றைத் தீல்-ஸ்மால் எண்கள் என்பார்கள். டிரைவர் தனியாக எந்த அலைவெண்ணில் அதிர்கிறது என்பதைச் சொல்வது எஃப்எஸ். அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டுவது க்யூடிஎஸ். லைனுக்கு 0.3 முதல் 0.5 வரையிலான க்யூடிஎஸ் வசதியானது. கார் கதவில் மாட்டும் ஸ்பீக்கர்களில் பல இதைவிட மிகவும் உயர்ந்த எண்ணைக் கொண்டவை. அத்தகைய ஒன்றை 40 ஹெர்ட்ஸ் லைனில் மாட்டினால், மேலே ஓரிடத்தில் வீங்கிய ஒலி கிடைக்கும், உண்மையான ஆழம் கிடைக்காது. எத்தனை வாட்ஸ் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மலிவான டிரைவர்களோடு இந்த எண்கள் வருவதில்லை. கவலை வேண்டாம், நாமே அளக்கலாம். கணினியின் ஒலி அட்டை, ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், இரண்டு வயர், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் டிரைவரை வெறுமனே வைத்து, அலைவெண் மாற மாற அதன் மின்தடை எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டை எடுங்கள். பிறகு கூம்பின் நடுவில் எடை தெரிந்த ஒன்றை ஒட்டி மறுபடி எடுங்கள். குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண் இதற்கு ஏற்றது. நாணயங்களை வைக்காதீர்கள், இன்றைய நாணயங்களில் பல காந்தத்தில் ஒட்டும் எஃகினால் ஆனவை, அளவு பிசகிவிடும். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் இந்த வேலையைச் செய்யாமல் பலகைக் கடைக்குப் போவது பணத்தைத் தெருவில் போடுவதற்குச் சமம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், கூம்பின் பரப்பு 135 சதுர செ.மீ. கொண்ட ஆறரை அங்குல வூஃபர் என்று வையுங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். 40 ஹெர்ட்ஸுக்கான கால் அலைநீளம் 2.18 மீட்டர். ஒரே ஒரு மடிப்பு மடித்தால் உள்ளுயரம் 109 செ.மீ. தரையில் நிற்கும் உயரம் இப்படித்தான் பிறக்கிறது. அது அழகுக்காக வைத்ததல்ல. உள்ளகலம் 17, ஒவ்வொரு குழலின் ஆழமும் 14 செ.மீ. என்றால் குறுக்குவெட்டு 238 சதுர செ.மீ., கூம்பைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு. மொத்தக் கொள்ளளவு சுமார் 52 லிட்டர். குழலின் பின்பாதியை முன்பாதியில் பாதியாகக் குறுக்கினால், அதே 40 ஹெர்ட்ஸுக்கு நீளம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். முதன்முறை செய்பவர்கள் ஒரே அளவுக் குழலோடு இருப்பது நல்லது.

டிரைவரை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கால் அலைக் குழல் 40இல் மட்டும் ஒலிக்காது. 120, 200, 280 என ஒற்றைப்படை மடங்குகளிலும் ஒலிக்கும். குடத்துக் குரலுக்கு மூலம் அந்த 120 ஹெர்ட்ஸ். டிரைவரைக் குழலின் மூடிய முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தொலைவில் வைத்தால் அந்த மூன்றாம் மடங்கைத் தூண்ட முடியாமல் போகும். நம் கணக்கில் அது 73 செ.மீ. மூடிய முனையை முன்பக்கம் அடியில் வைத்து, குழலை மேலே கொண்டுபோய் மடித்துப் பின்பக்கம் அடியில் திறந்துவிட்டால், வூஃபர் 73 செ.மீ. உயரத்திலும் அதன்மேல் ட்வீட்டர் (மேல் ஒலி தரும் சிறிய ஸ்பீக்கர்) நாற்காலியில் அமர்ந்தவரின் காது மட்டத்தருகிலும் வந்துவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இது.

பஞ்சுக்கு வருவோம். லிட்டருக்கு 8 கிராம் என்று தொடங்கி, மூடிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு நிரப்புங்கள். இந்தப் பெட்டிக்கு 280 கிராம் அளவு வரும். குழல்வாயின் அருகே காலியாக விடுங்கள். தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் இழையே போதும், விலையும் குறைவு. இலவம்பஞ்சு நாளடைவில் கட்டிதட்டிக் கீழே இறங்கிவிடும். கண்ணாடி இழை வேண்டாம். திறந்த வாய் வழியே அதன் தூள் அறைக்குள் வரும். வாயில் ஒரு கம்பிவலை அடித்துவிடுங்கள், எலியும் கரப்பான் பூச்சியும் குடியேறாது. இன்னொன்று: ஒரு பக்கப் பலகையைப் பசை போட்டு மூடிவிடாமல், இடையில் நுரைப்பட்டை வைத்துத் திருகால் மட்டும் பொருத்துங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும் ஓர் ஆண் குரலையும் மாறிமாறிக் கேட்டு, பஞ்சைக் கூட்டிக் குறைத்துத் திருப்தியான பிறகு நிரந்தரமாக மூடலாம். முதலில் ஒரு பெட்டி மட்டும் செய்யுங்கள்.

ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரையும் வரைபடத்திலிருந்து அப்படியே எடுக்க முடியாது. 20 செ.மீ. அகல முகப்பில் 550 ஹெர்ட்ஸ் அருகிலிருந்து கீழே இறங்க இறங்க ஒலி பின்னால் பரவி மெலியும். கிராஸ்ஓவரில் வூஃபருக்கான கம்பிச்சுருளைக் கொண்டு அதை ஈடுசெய்ய வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் டிரைவரையும் அறையையும் பொறுத்தது. அத்துடன், 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூம்புக்கு எந்தப் பிடிமானமும் இருக்காது. ஆம்ப்ளிஃபையரில் 30 ஹெர்ட்ஸ் அருகே வெட்டும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

பலகை 18 மி.மீ. பிளைவுட் அல்லது எம்டிஎஃப் (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). ஜோடிக்கு எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று போதாது. கடலோர ஊர்களில் எம்டிஎஃபின் விளிம்புகளைச் சீலர் பூசாமல் விடக் கூடாது, ஈரத்தில் ஊதிவிடும். அறுப்பதைக் கூடுமானவரை கடையின் இயந்திரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். மரத்தூளையும், எம்டிஎஃப் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடையும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. வீட்டு மாடியில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுப்பவர்களைப் பார்க்கிறேன்; துண்டு நுண்தூளைத் தடுக்காது. என்95 முகக்கவசமும் திறந்தவெளியும் கட்டாயம். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

முடிந்த பெட்டி ஒன்று 20 கிலோவைத் தாண்டும். ஒரு மீட்டருக்கு மேல் உயரம், அகலமோ 20 செ.மீ.தான். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை பிடித்து இழுத்தால் சாயும். பெட்டியைவிடப் பக்கத்துக்கு ஐந்து செ.மீ.யாவது அகலமான அடிப்பலகையைத் திருகி வையுங்கள். பின்பக்கத்தின் மேற்பகுதியிலிருந்து சுவருக்கு ஒரு நாடாப் பட்டையும் போட்டுவிடுங்கள். குழல்வாய் பின்னால் இருப்பதால் பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளித்தான் வைக்க வேண்டும். அந்த இடைவெளியை முடிவு செய்த பிறகு பட்டையின் நீளத்தை வெட்டுங்கள்.