எந்த 'பிரஷர்'?

"சுகர் இருக்கா?" டீக்கடையில் கேட்டால் ஒரு பதில், டாக்டர் கேட்டால் வேறு பதில். லேப் கவுண்டரிலோ அது டெஸ்டின் பெயர். நமக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குப் புரியாது.

மருத்துவமனைத் தரவுகளை இணைப்பது என் வேலை. எவையெல்லாம் உண்டு, எதற்கு எது உறவு என்று கம்ப்யூட்டருக்காக எழுதிவைப்பதை ஆன்டாலஜி என்போம். ஒருமுறை இரண்டு மருத்துவமனைகளின் ஆன்டாலஜிகளைப் பொருத்தினோம். இரண்டிலும் 'பிரஷர்' இருந்தது. எழுத்து ஒற்றுமையை வைத்து, இரண்டும் ஒன்றே என்றது மென்பொருள். உண்மையில் ஒன்று, கையில் பட்டை கட்டி அளந்த நிகழ்வு, மற்றது, நோய். பிரஷர் பார்த்துக்கொண்ட அத்தனை பேரும் நோயாளிப் பட்டியலில் ஏறிவிட்டார்கள். கண்டுபிடித்தவர் ஒரு சிஸ்டர்: "இந்தப் பையன் கட்டுப் பிரிக்க வந்தவன் சார், இவனுக்கு ஏது பிரஷர்?"

இங்கேதான் அடித்தள ஆன்டாலஜி கைகொடுக்கிறது. மருத்துவம், வங்கி என்று எந்தத் துறையையும் சாராமல், இருப்பவற்றின் பொதுவான வகைகளை மட்டும் சொல்வது அது. இத்தாலியில் உருவான டோல்சே (DOLCE) அப்படி ஒன்று. தத்துவ அறிஞர் பேரி ஸ்மித் முன்னெடுத்த பிஎஃப்ஓ (Basic Formal Ontology) இன்னொன்று. 2021-இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் தரமாகவும் வந்தது. பிஎஃப்ஓ கேட்கும் முதல் கேள்வி: இது நீடித்திருப்பதா, நிகழ்வதா? ஒன்று மற்றொன்றாக இருக்கவே முடியாது என்று அதில் விதி உண்டு. ரத்தத்தின் அழுத்தம் ஒரு பண்பு. அளப்பது நிகழ்வு. 140/90 என்று எழுதியது தகவல். நோய், உடலில் தங்கிவிட்ட ஓர் இயல்பு. 'பிரஷர்' இரண்டையும் இந்த வகைகளின்கீழ் வைத்திருந்தால், அவற்றை ஒன்றாக்கிய கணமே தர்க்க மென்பொருள் முரண் என்று நிறுத்தியிருக்கும்.

ஆனால் எது எந்த வகை என்று முடிவுசெய்வது பெரும்பாலும் கைவேலைதான், அலுப்பூட்டும் வேலை. அங்கே தவறு செய்தால் சரியான பொருத்தமும் நிராகரிக்கப்படும். இரு தரப்பும் ஒரே அடித்தளத்தில் நிற்கவும் வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு: களிமண்ணும் அதில் செய்த சிலையும் ஒரே இடத்திலிருக்கும் இரண்டு பொருள்கள் என்கிறது டோல்சே; எல்லோரும் இதை ஏற்பதில்லை. வெறும் தத்துவச் சண்டை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

போன வாரம் 'அலர்ஜி' வந்தது. ஒரு பக்கம், ஊசி போட்டதும் தடித்த அந்த ஒருநாள் சம்பவம். மறுபக்கம், பென்சிலின் ஒத்துக்கொள்ளாத உடம்பு வாகு. பெயர்ப் பொருத்தம் நூற்றுக்கு நூறு. இந்த முறை இரண்டையும் அடித்தள வகைகளின்கீழ் வைத்திருந்ததால், மென்பொருள் முரண் என்று சிவப்பாகக் காட்டியது. இருந்தாலும் சிஸ்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன்.