உள்ளமைந்த மெயில் சர்வர்: 250 சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வரும் மெயிலைப் பிரித்து டிக்கெட்டாக்கும், இணைப்பை எடுத்துக் கணக்கில் ஏற்றும் மென்பொருள்கள் பலவற்றில் ஒரு குட்டி மெயில் சர்வரும் சேர்ந்தே வருகிறது. அமைப்புப் பக்கத்தில் ஒரு டிக் போட்டால் ஓடத் தொடங்கிவிடும். ஐமேப் வழியாக அஞ்சல் பெட்டியை அடிக்கடி போய்த் துழாவும் வேலை மிச்சம், மெயில் வந்த நொடியே கைக்குக் கிடைக்கும். ஆனால் அந்த டிக்கோடு ஒரு பொறுப்பும் வந்து சேர்கிறது.

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி உரையாடலில் மெயிலின் உடல் முழுதும் வந்து, தனி வரியில் கடைசிப் புள்ளி விழுந்ததும் உங்கள் சர்வர் 250 என்று பதில் சொன்னால், 'இனி இது என் பாடு' என்று பொருள். அனுப்பிய சர்வர் தன்னிடமுள்ள பிரதியை அழித்துவிடும். அதன்பின் உங்கள் டேட்டாபேஸ் படுத்துக்கொண்டால் அந்த மெயிலைத் திரும்பக் கேட்க ஆளில்லை. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, மென்பொருள் 250 சொல்வது மெயிலை டிஸ்கில் எழுதிய பிறகா, நினைவகத்தில் வாங்கியவுடனா என்பதை. 'முதலில் சேமி, பிறகு பிரி' என்ற வகையில் ஸ்பூல் கோப்புறை (மெயில்கள் வேலைக்குக் காத்திருக்கும் தற்காலிக இடம்) அமைப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: மொத்த வேலையையும் முடித்துவிட்டுத்தான் 250 சொல்வது. வைரஸ் சோதனை, பிடிஎஃப் வாசிப்பு, வெளி ஏபிஐ அழைப்பு என்று நேரம் இழுக்கும். கடைசிப் புள்ளிக்குப் பின் அனுப்புபவர் 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்கிறது எஸ்எம்டிபியின் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321. எல்லோரும் அவ்வளவு பொறுப்பதில்லை. பொறுமை இழந்தவர் இணைப்பைத் துண்டித்துவிட்டு அதே மெயிலை மறுபடி அனுப்புவார். ஒரே புகாருக்கு மூன்று டிக்கெட் விழுகிறது என்றால் வாடிக்கையாளரைக் கடிந்துகொள்ளாதீர்கள், சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவில்) கடைசிப் புள்ளிக்கும் 250-க்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். மெயிலின் தலைப்பில் வரும் தனி அடையாளமான மெசேஜ்-ஐடியை வைத்து இரட்டைப் பதிவைத் தடுக்கும் அமைப்பையும் போட்டுவையுங்கள்.

உள்ளே பிழை நேர்ந்தால் எந்த எண் போகிறது என்பதும் முக்கியம். 4-இல் தொடங்கினால் 'பிறகு வா', 5-இல் தொடங்கினால் 'வராதே'. டேட்டாபேஸ் கிடைக்காதபோது 451, டிஸ்க் நிறைந்தால் 452 போக வேண்டும். அனுப்புபவர் வரிசையில் வைத்து நான்கைந்து நாள் வரை முயல்வார். எல்லாப் பிழைக்கும் 554 சொல்லும் மென்பொருள், பத்து நிமிடப் பராமரிப்பு நேரத்தில் வந்த மெயில்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிடும்.

இனி வாசல். வெளியிலிருந்து மெயில் வருவது போர்ட் 25-இல் மட்டும்தான். 587, 465 இரண்டும் உங்கள் பயனர்கள் கடவுச்சொல்லோடு மெயிலை ஒப்படைக்கும் வழிகள். 25-இல் கடவுச்சொல் கேட்டால் உலகத்தில் யாருடைய மெயிலும் வராது. பொது எம்எக்ஸ் சர்வர் (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) டிஎல்எஸ் குறியாக்கத்தைக் கட்டாயமாக்கவும் கூடாது, வசதியாகத் தரலாம். சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருப்பதும், வேறொரு மெயில் சேவை ஏற்கெனவே 25-ஐப் பிடித்திருப்பதும் முதல் நாள் வழக்கமான தலைவலிகள். டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு ஒரு சர்வர் பெயரைச் சுட்ட வேண்டும். ஐபி எண்ணையோ சிநேம் (மாற்றுப்பெயர்) பதிவையோ சுட்டக்கூடாது. ஊழியர்களின் அஞ்சல் ஓடும் டொமைனின் எம்எக்ஸை இதற்காக மாற்றிவிடாதீர்கள், ஒரு துணை டொமைன் போதும்.

பழைய முகவரியிலிருந்து துணை டொமைனுக்கு ஃபார்வர்டு வைத்தால் எஸ்பிஎஃப் சோதனை (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்ப்பது) பொய்த்துப்போகலாம், ஏனென்றால் வந்து நிற்பது ஃபார்வர்டு செய்த சர்வரின் ஐபி. அந்த ஐபிக்கு மட்டும் எஸ்பிஎஃப் நிராகரிப்பைத் தளர்த்துங்கள்.

பெரிய ஆபத்து 'நம்பகமான நெட்வொர்க்' என்ற பெட்டி. அதில் எழுதிய ஐபிகள் கடவுச்சொல் இல்லாமல் எங்கும் மெயில் அனுப்பலாம். உள் நெட்வொர்க்தானே என்று 172.16.0.0/12 (172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எல்லா முகவரிகளும்) என்று எழுதியிருப்பார்கள். மென்பொருளைத் தனிப் பெட்டிபோல் பிரித்து ஓட்டும் டாக்கருக்குள் அது ஓடினால், சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்பெல்லாம் 172.17.0.1 என்ற பிரிட்ஜ் முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும். அதாவது உலகமே நம்பகமானது! ஸ்பேம் அனுப்புவோர் யாருடைய மெயிலையும் எங்கும் அனுப்பித்தரும் திறந்த ரிலேவைத் தேடி ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பவர்கள். உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறியபின் இறக்குவது பெரும்பாடு. லாகில் அனுப்புநர் ஐபிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் அன்றே அந்தப் பெட்டியைக் காலி செய்யுங்கள்.

இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை, பெறுநர் பெயர் சொல்லும் கட்டத்திலேயே 550 சொல்லி மறுக்க வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பேமில் போலியாகப் போடப்பட்ட யாரோ ஒருவரின் முகவரிக்கு அந்தக் குப்பை போய்ச் சேரும். எல்லா முகவரிக்கும் சரி சொல்லும் கேட்ச்-ஆல் அமைப்பு சோதனை நாளில் வசதி, அதற்கு மேல் வேண்டாம்.

தானியங்கிப் பதில் இருந்தால் சுழற்சியைத் தடுங்கள். எஸ்எம்டிபி உரையாடலில் சொல்லப்படும் அனுப்புநர் முகவரி (உறை முகவரி) காலியாக இருந்தாலோ, ஆட்டோ-சப்மிட்டட் தலைப்பில் 'நோ' அல்லாத மதிப்பு இருந்தாலோ பதில் போகக்கூடாது. உங்கள் பதிலிலும் அந்தத் தலைப்பு இருக்க வேண்டும். இல்லையேல் இரண்டு இயந்திரங்கள் விடிய விடிய நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்.

அளவு வரம்பு 25 எம்பி என்று வைத்தால் 25 எம்பி கோப்பு வராது. கோப்பை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியீட்டில் இணைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்குவதால், சுமார் 18 எம்பி கோப்போடு சரி.

வெளியே அனுப்பும் வேலையை இந்தக் குட்டி சர்வரிடம் விடாமல், பிடிஆர் (ஐபிக்கான பெயர்ப் பதிவு), எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்) எல்லாம் ஒழுங்காக உள்ள ஒரு ரிலேவிடம் 587 வழியே ஒப்படைத்துவிடுங்கள்.

சோதனையை அதே கணினியிலிருந்து செய்தால் பயனில்லை, அது பெரும்பாலும் நம்பகமானதாகவே கருதப்படும். வெளி நெட்வொர்க்கிலிருந்து டெல்நெட் கட்டளையால் போர்ட் 25-ஐத் தொடுங்கள். 'தயார்' என்று பொருள்படும் 220 வரும். சம்பந்தமில்லாத டொமைனின் முகவரியைப் பெறுநராகக் கொடுங்கள், 550 அல்லது 554 வர வேண்டும். 250 வந்தால் போர்ட்டை உடனே மூடுங்கள். அடுத்து டேட்டாபேஸை நிறுத்திவிட்டு வெளி அஞ்சல் கணக்கிலிருந்து ஒரு மெயில் அனுப்புங்கள். ஸ்பூல் இருந்தால் 250 வந்து மெயில் அங்கே காத்திருக்கும், இல்லையென்றால் 451 வர வேண்டும். டேட்டாபேஸை மறுபடி ஓட்டியபின் அந்த மெயில் ஒரே ஒரு டிக்கெட்டாக வந்து விழுகிறதா என்று பாருங்கள்.