சூளை தீட்டிய சிங்கங்கள்

பழங்கால கிரேக்கப் பானைகளில் கறுப்பாக நிற்கும் தெய்வங்களும் சிங்கங்களும் கறுப்புச் சாயத்தால் வரையப்பட்டவை அல்ல. பானை செய்த அதே வகை மண்தான். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, கனத்த துகள்கள் அடியில் படிந்தபின் மேலே நிற்கும் நுண்ணிய குழம்பை மட்டும் எடுத்துப் பூசினார்கள். பூச்சு உலர்ந்ததும் பிடரி மயிர், கண், ஆடை மடிப்பு எல்லாவற்றையும் கூர்முனையால் கீறினார்கள். ஆனால் கறுப்பு அப்போது வந்திருக்காது.

அது சூளையின் வேலை. முதலில் காற்று தாராளமாகப் போகவிட்டுச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால், மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பானை முழுக்கச் சிவக்கும். அப்புறம் காற்றுவழியை அடைத்து, பச்சை விறகைப் போட்டு 900-க்கு மேல் கொண்டுபோவார்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, எல்லாமே கறுத்துவிடும். சூட்சுமம் இங்கேதான்: நுண்துகள் பூச்சு இளகிக் கண்ணாடிபோல் இறுகிவிடுகிறது, பானையின் உடம்போ நுண்துளைகளோடு இருக்கிறது. சூடு சற்றுத் தணியும்போது மறுபடி காற்றை விட்டால் உடம்பு சிவப்புக்குத் திரும்பும். இறுகிய பூச்சுக்குள் ஆக்சிஜன் நுழையாது. கணக்குத் தப்பினால் படமும் சிவந்துவிடும். அப்படித் திட்டுத்திட்டாகச் செம்பழுப்பேறிய பானைகள் அருங்காட்சியகங்களில் நிறையவே உண்டு.

கீறல் உத்தி கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் கொரிந்து நகரத்தில் தொடங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் வாசனை எண்ணெய்க் குப்பிகளில்கூட விலங்குகளை வரிசையாக நடக்கவிட்டார்கள். சிங்கம் பக்கவாட்டில்தான் பார்க்கும். சிறுத்தை முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கும். கதை பெரிதாக ஏதுமில்லை, ஆனாலும் எனக்கு இவைதான் பிடிக்கும்.

கதைகளைப் பானை முழுக்க நிரப்பியவர்கள் ஏதென்ஸ்காரர்கள். எர்கோடிமோஸ் வனைந்து கிளெய்ட்டியாஸ் தீட்டிய பிரான்சுவா ஜாடி (சுமார் கி.மு. 570) 66 சென்டிமீட்டர் உயரம்தான், அதில் 200-க்கும் மேற்பட்ட உருவங்கள். பீலியஸ் என்ற வீரனுக்கும் தீட்டிஸ் என்ற கடல் தேவதைக்கும் நடக்கும் கல்யாணத்துக்குத் தெய்வங்கள் ஊர்வலமாகப் போகிறார்கள், மதுவின் தெய்வமான டயனைசஸ் நம்மை நேராகப் பார்க்கிறார். கொரிந்தின் விலங்குகளுக்குக் கீழ்ப்பட்டைதான் மிச்சம்: பெண் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்ஸ்கள், காளை மேல் பாயும் சிங்கம். பாதத்திலோ குள்ளர்கள் கொக்குகளோடு சண்டை போடுகிறார்கள். 1900-இல் பிளாரன்ஸ் அருங்காட்சியகக் காவலர் ஒருவர் முக்காலியை வீசியதில் ஜாடி 638 துண்டுகளானது. ஒட்டவைத்துத்தான் இன்று காட்டுகிறார்கள்.

சுமார் கி.மு. 525-இல் ஏதென்ஸில் இந்தக் கறுப்பு உருவ உத்தியைத் தலைகீழாக்கினார்கள். பின்புலத்துக்குக் குழம்பைப் பூசி, உருவங்களை மண்ணின் சிவப்பிலேயே விட்டு, கீறலுக்குப் பதில் தூரிகையால் கோடு இழுத்தார்கள். சுடும் முறையில் மாற்றமில்லை.