தண்ணீர் இல்லாத 15 கிலோமீட்டர்: ஹத்தின் போரில் ஒரு படையைத் தாகம் சாய்த்த விதம்

கலிலேயாவில் சஃபூரியா என்றொரு ஊர். வற்றாத ஊற்றுகள் உள்ள இடம். 1187 ஜூலை 3, வெள்ளிக்கிழமை காலை, சுமார் 20,000 பேர் கொண்ட சிலுவைப் போர்ப் படை அந்த ஊற்றுகளை விட்டுக் கிழக்கே நடக்கத் தொடங்கியது. மறுநாள் மாலைக்குள் அந்தப் படை என்று ஒன்று இல்லை. ஜெருசலேம் அரசர் கீ, எகிப்து-சிரியாவின் சுல்தான் சலாவுதீனின் கைதி. மூன்றே மாதத்தில், அக்டோபர் 2 அன்று, 88 ஆண்டுகளாகச் சிலுவைப் போராளிகளிடம் இருந்த ஜெருசலேம் சலாவுதீன் வசமானது.

ஹத்தின் போரை வாள்களையும் குதிரைப் பாய்ச்சலையும் வைத்துச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அது முதலில் ஒரு தண்ணீர்க் கணக்கு. அந்தக் கணக்கு சஃபூரியாவை விட்டுக் கிளம்பிய காலையிலேயே தப்பிப்போனது.

ஏன் கிளம்பினார்கள்? முந்தைய நாள் சலாவுதீன் ஏரிக்கரை ஊரான திபேரியாவைப் பிடித்துவிட்டார். கோட்டைக்குள் சிக்கியிருந்தவர் திரிப்போலிப் பிரபு ரேமண்டின் மனைவி எஷீவா. அப்படியிருந்தும், போக வேண்டாம் என்று வாதாடியவர் அதே ரேமண்ட்தான். வழியில் போதிய தண்ணீர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அரசரும் முதலில் சரி என்றார். இரவில் டெம்ப்ளர் எனப்படும் துறவி வீரர்களின் தலைவர் ஜெரார்ட் கூடாரத்துக்கு வந்து பேசி அரசரின் மனத்தை மாற்றினார்.

சஃபூரியாவிலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சுமார் 10 கிலோமீட்டரில் துரான் என்ற சிற்றூரில் ஓர் ஊற்று உண்டு. அதற்கப்புறம் ஏரிவரை நேர்வழியில் பெரும்படைக்குப் போதுமான தண்ணீர் இல்லை.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வெயிலில் சுமையோடு நடக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும். 20,000 பேருக்கு 1,00,000 லிட்டர். படையில் நைட்டுகள் எனப்படும் கவசக் குதிரை வீரர்கள் சுமார் 1,200 பேர். அவர்களுடைய குதிரைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு குதிரை, தலைக்கு 40 லிட்டர் என்று வைத்தாலும் இன்னொரு 48,000 லிட்டர். ஆக ஏறக்குறைய ஒன்றரை லட்சம் லிட்டர். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பன்னிரண்டு வந்தாலும் கொஞ்சம் போதாது.

ஓர் ஊற்று நொடிக்கு ஒரு லிட்டர் சுரக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லட்சம் லிட்டர் சேர 41 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரு சின்ன ஊற்றின் விளிம்பில் ஒரே சமயத்தில் எத்தனை பேர் குனிய முடியும் என்பது. நண்பகல் வாக்கில் துரானை அடைந்த படை அங்கே தங்காமல் மேலே நடந்தது. அது நகர்ந்ததும் சலாவுதீனின் ஆட்கள் பின்னால் சுற்றி வந்து துரானைப் பிடித்துக்கொண்டார்கள். இனித் திரும்பினாலும் தண்ணீர் இல்லை.

அப்புறம் உடம்பு என்ன செய்யும்? தசை ஒரு வெப்ப இயந்திரம் மாதிரி. எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது, மீதியெல்லாம் சூடாகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளிவிடும் வெப்பம் சுமார் 100 வாட். சுமையோடு மேட்டில் ஏறினால் 500 வாட்டைத் தொடும். தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்றும் அதே சூட்டில் இருந்தால் இந்த வெப்பம் தானாக வெளியேற வழியில்லை, வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 500 வாட்டைச் சமாளிக்க மணிக்கு முக்கால் லிட்டர் வியர்வை போதும்.

அந்த 'முழுதாக' என்ற சொல்லில்தான் வினை இருக்கிறது. நைட் அணிந்திருந்ததைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளியே ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களைக் கோத்த கவசச் சட்டை, பத்துக் கிலோவுக்கு மேல். அதற்குள்ளே, அடி உடம்பில் இறங்காமல் இருக்க, பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை போன்ற அங்கி. வளையங்களின் இடுக்கு வழியாகக் காற்று போகும், பஞ்சு வழியாகப் போகாது. வியர்வை தோலில் ஆவியாகாமல் அங்கியில் ஊறுகிறது. ஊறிய வியர்வை உடம்பை அவ்வளவாகக் குளிர்விக்காது. அதனால் உடம்பு இன்னும் சுரக்கிறது, மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் வரைகூட. தண்ணீரைக் கொட்டியும் சூடு இறங்குவதில்லை.

எழுபது கிலோ மனிதர் 1.4 லிட்டர் இழந்தால் எடையில் 2 சதவீதம் போயிற்று. இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. இருக்கிற இரத்தத்துக்குத் தசையும் தோலும் போட்டி போடுகின்றன. தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்தால் உடம்பின் உள்சூடு ஏறும்.

குதிரையின் கதை இதைவிடப் பாவம். மனித வியர்வையில் உப்பு இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு. நமக்கு வியர்த்தால் இரத்தம் உப்பாகிறது, மூளையில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டு தாகத்தை எழுப்புகின்றன. குதிரையின் வியர்வையோ ஏறக்குறைய இரத்தத்தின் அளவுக்கே உப்பானது, சில சமயம் அதைவிடவும் கூட. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் இரத்தம் அவ்வளவாக உப்பேறாது. கடும் வேலையில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் இழந்த பிறகும் குதிரைக்குத் தன் தேவைக்கேற்ற தாகம் எடுப்பதில்லை.

சலாவுதீனின் குதிரைவில்லாளிகள் பின்படையைத் தொடர்ந்து தாக்கியதால் நடை தேங்கியது. வறண்ட மேட்டிலேயே இரவு முகாம். எதிர்ப்பக்கம் ஒட்டகங்கள் ஏரியிலிருந்து தோல்பைகளில் தண்ணீர் சுமந்து வந்துகொண்டிருந்தன. வெயில் இல்லாத இரவிலும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் போகும். சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் கழிவை வெளியேற்ற நாளைக்கு அரை லிட்டராவது செலவழித்தாக வேண்டும். விடிந்தபோது அவர்கள் முந்தைய மாலையைவிட இன்னும் வறண்டிருந்தார்கள்.

அந்த நாட்டில் கோடையில் மழை கிடையாது, ஜூலையில் புல் சருகாகிவிடும். சலாவுதீனின் ஆட்கள் அதில் தீ வைத்தார்கள். காற்று புகையைச் சிலுவைப் படையின் முகத்தில் கொண்டுவந்து போட்டது. எச்சில் வற்றிய தொண்டையில் புகை படிந்தால் இருமல். இருமினால் வாயால் மூச்சு. வாயால் மூச்சு விட்டால் உலர்ந்த காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும்.

காலாட்கள் அணியை உடைத்துக்கொண்டு, ஹத்தின் கொம்புகள் எனப்படும் இரட்டைக் குன்றின் மேல் ஏறிவிட்டார்கள். அரசர் சொல்லியும் இறங்கவில்லை. அங்கிருந்து கலிலேயக் கடல் கண்ணுக்குத் தெரியும், பெயர்தான் கடல், திபேரியாவின் நன்னீர் ஏரிதான் அது. குன்று கடல் மட்டத்துக்கு மேலே 326 மீட்டர், ஏரி கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 210 மீட்டர். இடையில் சலாவுதீனின் படை.

போரின் கடைசிக் கணத்தைச் சலாவுதீனின் மகன் அல்-அஃப்தல் சொல்ல, வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீர் எழுதி வைத்திருக்கிறார். வென்றுவிட்டோம் என்று மகன் கத்த, அந்தக் கூடாரம் விழும்வரை வெல்லவில்லை, பேசாமல் இரு என்றார் தந்தை. சொல்லி வாய் மூடுவதற்குள் அரசரின் கூடாரம் விழுந்தது. நைட்டுகள் குதிரையை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் அதில் வருகிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் இரத்த அழுத்தம் இறங்கிக் கால் துவளும் உடம்புகள்தான் என் கண்முன் வருகின்றன.

மாலையில் சலாவுதீன் தன் கூடாரத்தில் அரசர் கீக்குப் பனிக்கட்டியில் குளிரவைத்த பானம் கொடுத்தார். தண்ணீர் குடலில் இறங்கி இரத்தத்தில் கலக்கப் பல நிமிடங்கள் ஆகும். ஆனால் வாயிலும் தொண்டையிலும் உள்ள நரம்புகள் அதற்கு முன்பே மூளைக்குச் செய்தி அனுப்பிவிடுகின்றன. இரத்தம் இன்னும் உப்பாகவே இருக்கும்போதே தாகம் தணியத் தொடங்கும், குளிர்ந்த நீரானால் இன்னும் சீக்கிரம். கீ குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த இன்னொரு கைதி, பிரபு ரெனால்டிடம் நீட்டினார். உடன்படிக்கையை மீறி வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தவர் அவர். கைதிக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிரும் கொடுத்ததாகும் என்பது அங்குள்ள மரபு. இவருக்கு நான் கொடுக்கவில்லை என்றார் சலாவுதீன். ரெனால்ட் அன்று கொல்லப்பட்டார். கீ பிழைத்தார்.