தெர்மோகோல் சுவருக்குள் போகும் வயர்

நீலகிரியில் சரிவை வெட்டி வீடு எழுப்பும்போது, சாலையை ஒட்டிய தளத்துக்குக் கீழே ஓர் அறை கிடைத்துவிடுகிறது. அதன் ஒரு பக்கச் சுவர் முழுவதும் மண்ணை அணைத்தபடி நிற்கும். உதகையில் சற்று ஆழத்து மண் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 15 டிகிரியிலேயே இருப்பதால், வெளியே வெயில் அடித்தாலும் அந்தச் சுவர் தொட்டால் சில்லென்றுதான் இருக்கும். அதைப் படுக்கையறை ஆக்க நினைப்பவர்கள் சுவரில் ரீப்பர் எனும் மரச்சட்டங்களை அடித்து, இடையில் தெர்மோகோல் பலகைகளைச் செருகி, மேலே ஜிப்சம் பலகையாலோ பிளைவுட்டாலோ மூடிவிடுகிறார்கள். குளிர் அடங்கிவிடுகிறது. ஆனால் அறையின் சூட்டை வெளியே விடாத அதே தெர்மோகோல், தன்னை ஒட்டிப் போகும் வயரின் சூட்டையும் வெளியே விடாது.

குன்னூரில் உறவினர் வீடொன்றில் அப்படி மூடிய பலகையைக் கழற்றியபோது அருகில் இருந்தேன். பைப் இல்லாமல், தெர்மோகோலில் காடி கீறி வயரை அப்படியே பதித்திருந்தார்கள். வயர் போன தடம் நெடுகத் தெர்மோகோல் குழிந்து, பாகுபோல் வயரைப் பற்றியிருந்தது. பிய்த்தெடுத்து வளைத்ததும் வயரின் மேலுறையில் கீறல் விழுந்தது. தீப்பட்ட கறுப்பு எங்கும் இல்லை. நடந்தது வேதிவினைகூட அல்ல, ஒருவகை இடப்பெயர்ச்சி. பிவிசி இயல்பில் விறைப்பானது. வயரின் உறை வளைய வேண்டும் என்பதற்காக எண்ணெய் போன்ற இளக்கிகளை அதில் கலக்கிறார்கள். தெர்மோகோலாகிய பாலிஸ்டைரீனைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த இளக்கி மெல்ல அதற்குள் குடிபெயர்கிறது. இளக்கியை இழந்த உறை நொறுங்கும் தன்மை பெறுகிறது, அதை வாங்கிக்கொண்ட தெர்மோகோல் இளகுகிறது. வயர் சூடாக இருந்தால் இது இன்னும் விரைவாக நடக்கும். வயரிங்குக்குப் போடும் கெட்டியான பிவிசி பைப்பில் இளக்கி கிடையாது என்பதால், அதுவே இரண்டுக்கும் நடுவே போதுமான தடுப்பாகிறது.

சூட்டின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.012 ஓம், போக வர இரண்டு கம்பிகளையும் சேர்த்தால் மீட்டருக்கு 1.8 வாட் வெப்பம் உண்டாகிறது. திறந்த காற்றில் இது பொருட்டே அல்ல. அதே இணைப்பில் இன்னொரு 2000 வாட் கீசரையும் போட்டால் மின்னோட்டம் இரட்டித்து 17.4 ஆம்பியராகும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்காகி 7 வாட்டைத் தாண்டும். தெர்மோகோலில் 98 விழுக்காடு அசையாத காற்றுதான், ஆகவே இந்தச் சூடு கம்பியைச் சுற்றியே தேங்கும். சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரி வரைதான். அரை மீட்டருக்கு மேல் நாற்புறமும் வெப்பக்காப்பு சூழ்ந்த வயருக்கு, அதன் மின்னோட்டத் திறனில் பாதியை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் வயரிங் விதிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கும் இங்கே இடமில்லை. அது மின்னோட்டத்தைத்தான் பார்க்கிறது. வயர் எதற்குள் புதைந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. 16 ஆம்பியர் எம்சிபி, மேற்சொன்ன 17.4 ஆம்பியருக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது. ஹீட்டருக்கும் கீசருக்கும் தனித்தனி இணைப்பும், பிளக் பாயிண்டுக்கு 2.5, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயரும் இருந்தால் பெரும்பகுதித் தொல்லை தீர்ந்தது.

ஈரத்தின் வழி வேறு. மழைக்காலத்தில் 20 டிகிரியும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக் காற்றின் ஈரம் சுமார் 16 டிகிரியிலேயே நீராகிவிடும். மண்ணை ஒட்டிய சுவரோ 15 டிகிரி. குளிர்ந்த சுவரை ஒட்டிப் பைப் போட்டால், சுவிட்ச் பாக்ஸ் வழியாக நுழையும் காற்று பைப்புக்குள்ளேயே வியர்த்து, துளித்துளியாகப் பாக்ஸுக்குத் திரும்பி வரும். அதனால் சுவர், தெர்மோகோல், அதன் முன்னால் இரண்டாவது ரீப்பர் வரிசை, அந்த இடைவெளியில் பைப், கடைசியாகப் பலகை என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். பைப் அறையின் வெதுவெதுப்பில் இருக்கும், தெர்மோகோலும் முழுதாக நிற்கும். வயர் இழுத்து முடித்ததும் பைப்பின் வாயைப் புட்டி எனும் அடைப்புப் பசையால் அடைத்துவிட வேண்டும்.

இதில் ஒரு குறை உண்டு: பைப் பலகைக்கு மிக அருகில் இருப்பதால் ஆணிக்கு எட்டிவிடும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் வேண்டும். பைப்பைக் குறுக்காகக் கொண்டு போகாமல், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயே ஏற்ற வேண்டும். பலகையை மூடுமுன் அளவு டேப்பைச் சுவரோடு விரித்துக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அடுத்த தை மாதம் நாட்காட்டி மாட்ட ஆணி தேடும்போது அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.